தலைப்பேன், சீலைப்பேன், ஆம்பூர்த் தோல்

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. நம் உடம்பின் மேல் இருப்பதும் தோல்தான். மாட்டின் மேல் இருப்பதும் தோல்தான். டிரம்மில் சுற்றி, சாயம் ஏறி, ஷூவாகி வெளிநாட்டுக்குக் கப்பலேறுவதும் தோல்தான். இங்கிலீஷில் இதற்கு ஸ்கின், ஹைடு, லெதர்னு மூன்று சொற்கள் வேண்டும். நமக்கு ஒன்றே போதும்.

இந்தப் பதிவின் கேள்வியும் அந்த ஒரே சொல்லுக்குள்தான் இருக்கிறது. மனிதன் தன் உடம்பு முடியை எப்போது இழந்தான்? இன்னொரு விலங்கின் தோலை எப்போது எடுத்துப் போர்த்திக்கொண்டான்? முதலாவது உயிரியல் பரிணாமம், இரண்டாவது பண்பாட்டுப் பரிணாமம். புத்தகங்களில் இரண்டும் பெரும்பாலும் தனித்தனி அத்தியாயம். தோலை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால் இரண்டையும் பிரிக்க முடியாது.

நான் மானிடவியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறேன், இரவில் இந்த மாதிரி ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிறேன். ஆனால் ஊர் ஆம்பூர். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் பட்டையில் பிறந்தவனுக்கு, "ஹைடு வொர்க்கிங்" என்ற சொல்லை ஒரு தொல்லியல் கட்டுரையில் பார்த்ததும் மூக்கில் சுண்ணாம்பு வாசனை வந்துவிடும். அப்படிச் சேர்த்த குறிப்புகள்தான் இவை.

முடி போன கதை

நம் உடம்பில் மயிர்க்கால்கள் இல்லாமல் போகவில்லை. சிம்பன்சிக்கு இருக்கும் அடர்த்திக்கு அருகிலேயே நமக்கும் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் முடிதான் பூனைமயிர் மாதிரி மெலிந்து குட்டையாகிவிட்டது. அதற்குப் பதிலாக ஒன்று பெருகியது: வியர்வைச் சுரப்பி. ஒரு மனித உடம்பில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன.

வியர்வை குளிர்விப்பது அது ஆவியாகும்போது. அடர்ந்த முடி இருந்தால் நீர் முடியின் நுனியில் ஆவியாகும், தோல் அவ்வளவாகக் குளிராது. வெறும் தோலில் ஆவியானால் அடியில் ஓடும் ரத்தமே குளிர்கிறது. ஆப்பிரிக்காவின் வெட்டவெளியில், வெயில் நேரத்தில் நெடுந்தூரம் நடக்கவும் ஓடவும் வேண்டிய ஓர் உயிருக்கு இது பெரிய லாபம். கென்யாவின் துர்கானா ஏரிக்கரையில் 1984இல் கிடைத்த சிறுவனின் எலும்புக்கூடு சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானது. ஹோமோ எரக்டஸ் வகை. நீண்ட கால்கள், ஒல்லியான உடல்வாகு. வெயிலில் நடப்பதற்கென்றே அமைந்த உடம்பு மாதிரி இருக்கும்.

முடி எலும்பு மாதிரி மண்ணில் தங்காது. பிறகு எப்படித் தேதி சொல்வது? ஒரு சுற்றுவழி இருக்கிறது. சிம்பன்சியின் முடிக்குக் கீழே தோல் வெளுப்பாகத்தான் இருக்கும். முடி போனால் வெயில் நேராகத் தோலில் விழும், அப்போது கறுப்பு நிறம் உயிர்காக்கும் கவசமாகிறது. தோல் நிறத்தோடு தொடர்புடைய எம்சி1ஆர் என்ற மரபணுவை ஆலன் ரோஜர்ஸ் குழுவினர் 2004இல் ஆராய்ந்தார்கள். கருந்தோலைக் காக்கும் தேர்வு குறைந்தது 12 லட்சம் ஆண்டுகளாக நடக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அதாவது அதற்குள் முடி போயிருக்க வேண்டும். நம்ம ஊர்ப் பெண் பார்க்கும் படலத்தில் குறையாகச் சொல்லப்படும் கறுப்பு நிறம், மனித குலத்தின் முதல் சட்டை. இதைத் தனியாகவே ஒரு பதிவாக எழுதலாம்.

பேன் சொல்லும் தேதி

சரி, முடி போயாச்சு. தோல் எப்போது போர்த்தினோம்? இங்கே சாட்சி சொல்ல வருவது பேன்.

நம் பாட்டிகள் இரண்டு பேனைப் பிரித்துச் சொல்வார்கள். தலையில் இருப்பது பேன். துணியில் இருப்பது சீலைப்பேன். இந்தப் பிரிவு அறிவியலிலும் அப்படியே இருக்கிறது. தலைப்பேன் முடியில் ஈர் வைக்கும், தலையைவிட்டு இறங்காது. சீலைப்பேன் துணியின் மடிப்பிலும் தையலிலும் ஈர் வைக்கும், ரத்தம் குடிக்க மட்டும் தோலுக்கு வரும். உடுப்பு இல்லாவிட்டால் அதற்கு வீடே இல்லை. ஆகவே சீலைப்பேன் தலைப்பேனிலிருந்து பிரிந்த காலம் தெரிந்தால், மனிதன் தொடர்ச்சியாக உடுத்தத் தொடங்கிய காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

எங்கள் தொழிலில் ஒரு சிஸ்டத்தில் என்ன நடந்தது என்று யாரும் எழுதி வைக்காதபோது லாக் ஃபைலைத் திறந்து பார்ப்போம். பேனின் மரபணு அப்படிப்பட்ட ஒரு லாக். மனிதன் எழுதி வைக்காததை அது பதிந்து வைத்திருக்கிறது. 2003இல் மார்க் ஸ்டோன்கிங் குழு இந்த முறையில் சுமார் 72,000 ஆண்டு என்று சொன்னது, பிழை வரம்பு பெரிது. 2011இல் டேவிட் ரீட் குழு இன்னும் விரிவான மரபணுத் தரவோடு கணக்கிட்டது. 83,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது, 1,70,000 ஆண்டுகள் வரைகூடப் பின்னால் போகலாம் என்பது அவர்கள் முடிவு.

இப்போது இரண்டு தேதியையும் பக்கத்தில் வையுங்க. முடி போனது 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ. வழக்கமாக உடுத்தத் தொடங்கியது 1.7 லட்சம் ஆண்டுகளுக்குள். நடுவில் சுமார் 10 லட்சம் ஆண்டுகள் நம் முன்னோர் முடியும் இல்லாமல், நிரந்தர உடுப்பும் இல்லாமல் இருந்திருக்கிறார்கள். உடுப்பு வெட்கத்துக்காக வந்தது என்ற கதையை இந்த இடைவெளி தள்ளிவிடுகிறது. பனியுகத்தின் குளிர் அலைகளோடு உடுப்பு வந்திருக்கலாம் என்பதே பொருத்தமான விளக்கம்.

இன்னொன்று. 1.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நெசவு கிடையாது, தறி கிடையாது. போர்த்தியது விலங்கின் தோல். ஆக, சீலைப்பேன் பிறக்கும்போது அது தோல்பேன்.

கல்லில் தோலைத் தேடுவது

பேன் தேதி சொல்லும், ஆனால் வேலையைக் காட்டாது. அதற்குக் கருவிகள் வேண்டும். அந்தத் தேடலில் உலக வரைபடத்திலேயே முக்கியமான ஓர் இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது.

1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழங்கற்காலம் இருந்தது என்பதற்கு முதல் சான்று அது. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்: அதே பல்லாவரத்தை ஒட்டி இருக்கும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது குரோம் லெதர் கம்பெனியால். மனிதனின் ஆரம்பகாலக் கருவியும் நவீனத் தோல் பதனிடுதலும் ரயிலில் ஒரு ஸ்டேஷன் தூரத்தில்.

அதே 1863இல் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த இடம் அத்திரம்பாக்கம். சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர், கொசஸ்தலையாற்றுப் படுகை. அங்கே 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அகழாய்வு செய்தார்கள். 2011இல் சயின்ஸ் இதழில் வந்த அவர்கள் கட்டுரை, அங்குள்ள கைக்கோடரிப் பண்பாட்டுக்குக் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகள், சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் என்று காட்டியது. 2018இல் நேச்சர் இதழில் அடுத்தது: சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய கைக்கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுச் செதுக்கிய சிறிய செதில் கருவிகள் பெருகுகின்றன. இடைப் பழங்கற்காலம் இந்தியாவில் எவ்வளவு முன்பே தொடங்கியது என்ற கணக்கையே இது மாற்றிப்போட்டது.

அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்கவில்லை. விலங்குப் பற்கள் சில கிடைத்தன, மாட்டினம் ஒன்று, குதிரையினம் ஒன்று. தோல் கிடைக்க வாய்ப்பே இல்லை. நம் மண்ணின் ஈரமும் வெப்பமும் தோலை விட்டு வைக்காது. உப்புப் போடாத பச்சைத் தோல் ஆம்பூர் வெயிலில் எவ்வளவு சீக்கிரம் நாறும் என்பது எங்களுக்குத் தெரியும். அது லட்சக்கணக்கான ஆண்டுகள் தங்குமா?

அப்படியானால் ஒரு கல் தோலைச் சுரண்டியதா, மரத்தைச் சீவியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு வழி காட்டியவர் ரஷ்யரான செர்கே செமெனோவ். கருவியின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்த்தால் தேய்மானம் தெரியும். மரம் ஒரு மாதிரி மெருகு ஏற்றும், புல் வேறு மாதிரி பளபளப்பு தரும். தோலைச் சுரண்டிய விளிம்பு மட்டும் கூர் மழுங்கி, உருண்டு, மங்கலான மெருகோடு இருக்கும். ஐரோப்பாவின் சிக்கிமுக்கிக் கல்லில் இதைப் பார்ப்பது சுலபம். நம் பக்கத்துக் குவார்ட்சைட் கல் சொரசொரப்பானது, தடயம் படிப்பது கடினம். தோல் வேலையின் பழமைக்கான நேரடிச் சான்றுகள் வெளிநாட்டிலிருந்து அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே யாரும் தோலைத் தொடவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை.

பாதத்தில் கத்தி ஏன் விழுந்தது?

வெளிநாட்டுச் சான்றுகளில் எனக்கு மிகப் பிடித்தது ஜெர்மனியின் ஷோனிங்கனில் கிடைத்த குகைக்கரடி எலும்புகள். 2 லட்சத்திலிருந்து 3 லட்சம் ஆண்டுகள் வரை பழமை. கரடியின் கை கால் விரல் எலும்புகளில் மெல்லிய வெட்டுக்கீறல்கள். விரலில் என்ன கறி இருக்கிறது? ஒன்றும் இல்லை. அங்கே கத்தி விழுந்தால் ஒரே காரணம்தான், தோலை முழுசாக உரிப்பது. ஆட்டுத்தோல் உரிக்கிறவர் முதலில் கணுக்காலைச் சுற்றி ஒரு கீறல் போடுவதைப் பார்த்த யாருக்கும் இது உடனே புரியும்.

அடுத்தது மொராக்கோவின் கோன்ட்ரபாந்தியே குகை. எமிலி ஹாலெட் குழு 2021இல் வெளியிட்டது. 1,20,000 முதல் 90,000 ஆண்டுகள் வரை பழமையான 62 எலும்புக் கருவிகள், அவற்றில் பல தோலைச் சுரண்டி நீவும் வடிவம். கூடவே நரி, குள்ளநரி, காட்டுப்பூனை எலும்புகளில் தோல் உரித்த தடம். இவற்றைக் கறிக்காக வேட்டையாடுவது அரிது, மயிர்த்தோலுக்காகத்தான். பேன் சொன்ன காலவரம்புக்குள் இந்தத் தேதி அப்படியே வந்து விழுகிறது. இரண்டு லாக் ஃபைல்கள் ஒரே நேரத்தைக் காட்டினால் எங்கள் தொழிலில் அதைத்தான் நம்புவோம்.

மூன்றாவது, ஃபிரான்சில் நியாண்டர்தால் மனிதர்கள் வாழ்ந்த இரண்டு இடங்களில் கிடைத்தவை. மான் விலா எலும்பின் நுனியைத் தேய்த்துச் செய்த மழுங்கல் கருவிகள், சுமார் 50,000 ஆண்டு. தோலின் மேல் அழுத்தித் தேய்த்தால் மிருதுவாகும், பளபளப்பாகும், தண்ணீர் சுலபத்தில் இறங்காது. 2013இல் இந்தக் கட்டுரை வந்தபோது ஆய்வாளர்கள் ஒன்றைக் குறிப்பிட்டார்கள். கிட்டத்தட்ட இதே கருவியை இன்றைய தோல் கைவினைஞர்களும் வைத்திருக்கிறார்கள். 50,000 ஆண்டுகளாக வடிவம் மாறாத கருவி மனிதனிடம் வேறு எத்தனை இருக்கும்?

அழுகாமல் வைப்பதுதான் வித்தை

உரிப்பதும் சுரண்டுவதும் பாதி வேலைதான். மீதிப் பாதி வேதியியல்.

தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். அது மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும் என்று 1954இல் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும். அவர்களுக்குக் கொலாஜன் கிடைத்த வழி, சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். உலகப் புகழ்பெற்ற ஓர் உயிரியல் கண்டுபிடிப்புக்கும் நம் தோல் தொழிலுக்கும் இப்படி ஒரு பக்கத்து வீட்டு உறவு இருக்கிறது.

பச்சைத் தோலில் இந்தக் கயிறுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கும். பாக்டீரியா அதில் புகுந்து தின்னும். காய்ந்தால் கயிறுகள் ஒட்டிப் பலகையாகிவிடும். பதனிடுவது என்றால் கயிறுக்கும் கயிறுக்கும் நடுவே குறுக்குப் பாலம் போடுவது. பாலம் விழுந்தால் பாக்டீரியாவுக்கு இரை இல்லை, தோல் வளையும், சூடும் தாங்கும். பச்சைத் தோல் 60, 65 டிகிரி வெந்நீரிலேயே சுருங்கிவிடும். பட்டைபோட்ட தோல் 80 டிகிரி வாக்கில் தாங்கும். குரோம் போட்டது கொதிநீரிலும் தாங்கும்.

இந்தப் பாலம் போடும் வித்தையைப் புத்தகம் இல்லாத மனிதர்கள் பல வழிகளில் கண்டுபிடித்தார்கள். விலங்கின் மூளையையும் கொழுப்பையும் தடவித் தேய்ப்பது ஒரு வழி. புகை போடுவது இன்னொன்று. புகையில் இருக்கும் ஆல்டிஹைடுகள் கொலாஜனைப் பிணைக்கும். மூன்றாவது வழி மரப்பட்டை. எங்கள் பக்கத்தில் அது ஆவாரம்பட்டை, கூடவே கடுக்காய். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே ஆவாரை. என் தாத்தா தோல் ஷாப்பில் பட்டை இடிக்கும் வேலை பார்த்தவர். நனைந்த பட்டையை விரலில் உரசிப் பார்த்தே தொட்டியில் எத்தனை நாள் ஊறியது என்று சொல்வாராம். அவருக்கு டானின் என்ற சொல் தெரியாது. ஆனால் அது என்ன செய்யும் என்று தெரியும்.

குரோம் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் முயற்சியால் சென்னை மாகாணத்துக்கு வந்தது. வாரக்கணக்கில் தொட்டியில் கிடந்தது டிரம்மில் ஓரிரு நாளானது. இன்றைக்கு ஆம்பூர் டேனரிக்குள் போனால் நீல நிறத்தில் ஈரமாக அடுக்கி வைத்திருப்பார்கள், வெட் புளூ. ஆனால் வரிசையைக் கவனியுங்க. ஊறப்போடு, முடியை நீக்கு, சதைப் பக்கத்துச் சவ்வைச் சுரண்டு, பாலம் போடு, எண்ணெய் ஏற்று, நீவிச் சமன்செய், காயவை. கல் போய் இரும்புக் கத்தி வந்தது, கத்தி போய் மெஷின் வந்தது. வரிசை பெரும்பாலும் அதேதான். பண்பாட்டுப் பரிணாமம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எந்தத் தலைமுறையும் முதலிலிருந்து தொடங்கவில்லை, முந்தின தலைமுறை விட்ட படியில் நின்று அடுத்த படியைப் போட்டது.

பண்பாடு எலும்பில் எழுதும்

இதுவரை உடம்பு மாறியதால் பண்பாடு வந்த கதை. எதிர்த்திசையும் உண்டு. அதற்குச் சாட்சி கால் சுண்டுவிரல்.

வெறுங்காலில் நடப்பவரின் சின்ன விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டே இருக்கும், அதனால் அந்த எலும்புகள் தடிக்கும். செருப்போ ஷூவோ போட்டு வளர்ந்தவருக்கு அந்த வேலை குறைவு, எலும்பு மெலியும். எரிக் டிரிங்காஸ் என்ற ஆய்வாளர் பழைய கால் எலும்புகளை இப்படி ஒப்பிட்டார். நியாண்டர்தால்களுக்கும் முந்தைய நவீன மனிதர்களுக்கும் விரல் எலும்பு தடிமன். பெய்ஜிங்குக்கு அருகே தியான்யுவான் குகையில் கிடைத்த சுமார் 40,000 ஆண்டுப் பழைய மனிதருக்கு மெலிவு, அதே சமயம் காலின் மற்ற எலும்புகள் நல்ல உறுதி. அந்த மனிதர் வழக்கமாகக் காலணி அணிந்தவர் என்பது டிரிங்காஸின் முடிவு. காலணி மக்கிவிட்டது, அது விட்ட தடம் எலும்பில் இருக்கிறது.

இந்த மெலிவு பிறப்பில் வருவதில்லை, வாழும்போது எலும்பின் மேல் விழும் பாரத்தால் வருவது. ஆனாலும் யோசித்துப் பாருங்க. ஒரு மாட்டின் தோல் ஒரு மனிதனின் எலும்பைத் திருத்தி எழுதுகிறது.

உண்மையான பழைய ஷூ பார்க்க வேண்டுமென்றால் ஆர்மீனியா. அரேனி குகையில் 2008இல் கிடைத்தது சுமார் 5,500 ஆண்டுப் பழைய காலணி. ஒரே துண்டு மாட்டுத்தோல், தோல் கயிறு கோத்தது, உள்ளே புல் அடைத்தது. உலர்ந்த குகையும் மேலே படிந்த ஆட்டுச் சாணமும் அதைக் காப்பாற்றின. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணி கோத்த வரிசையைக்கூட எண்ணலாம். ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கும் யாரிடமாவது காட்டினால், தையல் எப்படிப் போயிருக்கிறது என்று உடனே பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

நம் மாவட்டப் பக்கத்திலும் அந்தக் கால மாற்றத்தின் அடுத்த கட்டம் இருக்கிறது. திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளியில் 1960களில் மத்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. பொ.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த புதிய கற்கால ஊர். வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள், குழி வீடுகள், கொள்ளும் பயறும். தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள் மாடு வளர்த்தவர்கள். தோலுக்காக வேட்டைக்குப் போன காலம் முடிந்து, பட்டியிலேயே தோல் இருக்கும் காலம். வெப்ப நாட்டில் தோல் போர்வைக்குத் தேவை குறைவுதான். ஆனால் வேறு வேலை ஏராளம். கவலை இறைத்த காலத்தில் தண்ணீர் கொட்டும் தோல் குழாய், பறை, செருப்பு, தோல்பாவை என்று நம் பண்பாட்டின் பாதிச் சத்தமும் பாதித் தண்ணீரும் தோல் வழியாக வந்தவை.

யாருடைய அறிவு?

இந்தக் குறிப்புகளைச் சேர்க்கும்போது என்னை அதிகம் நிறுத்தி வைத்தது எத்தியோப்பியா. அங்கே கோன்சோ மக்களிடம் தோல் பதனிடும் பெண்கள் நம் காலத்திலும் கல்லைச் செதுக்கி, மரப்பிடியில் பொருத்தி, அதால் தோலைச் சுரண்டினார்கள். கேத்ரின் வீட்மேன் ஆர்தர் என்ற ஆய்வாளர் அவர்களோடு பல காலம் இருந்து எழுதியிருக்கிறார். நல்ல கல்லைத் தேர்வது, செதுக்குவது, கூர் மழுங்கினால் திரும்பக் கூராக்குவது எல்லாம் அந்தப் பெண்களின் கை. "கற்கால மனிதன்" என்றதும் தாடி வைத்த ஆண் கோடரியோடு நிற்கும் படம் நம் மனசில் வருகிறது இல்லையா, அதற்கு நேரான பதில் இது.

ஆனால் அதே ஆய்வுகள் இன்னொன்றும் சொல்கின்றன. எத்தியோப்பியாவின் பல சமூகங்களில் தோல் வேலை செய்வோர் கீழான பிரிவாக ஒதுக்கப்பட்டவர்கள். மற்றவர்கள் அவர்களிடம் தோல் வாங்குவார்கள், திருமண உறவு வைக்க மாட்டார்கள். படித்துக்கொண்டே வந்தபோது நான் எந்த ஊரைப் பற்றிப் படிக்கிறேன் என்று ஒரு நிமிஷம் குழம்பிப்போனேன்.

எங்கள் பட்டையில் டேனரிகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். இன்று ஷூ கம்பெனிகளில் மெஷின் முன் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்த வேலையைத் தீட்டு என்று சொன்ன ஊர், இந்த வேலையில் செய்த செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடந்தது. நான் வெளியூரில் படித்தபோது, ஆம்பூர் என்றதும் பிரியாணி பற்றிக் கேட்பார்கள், அடுத்த கேள்வி "தோல் நாத்தம் எப்படித் தாங்குறீங்க?" கேட்பவர் காலில் தோல் ஷூ இருக்கும்.

பரிணாமச் சான்றுகள் சொல்வது இதற்கு நேர் எதிர். முடி இழந்த ஓர் உயிர் குளிர்நாட்டுக்குப் போக முடிந்தது தோலால். சைபீரியாவின் டெனிசோவா குகையில் 40,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட கண் வைத்த எலும்பு ஊசி கிடைத்திருக்கிறது. அந்தக் குளிரில் உடம்போடு ஒட்டித் தைத்த உடுப்பு இல்லாமல் பிழைக்க முடியாது. நெருப்பு, கல் கருவி, தோல் இந்த மூன்றும் இல்லாமல் மனிதன் உலகமெல்லாம் பரவிய கதை இல்லை. நெருப்பைக் கும்பிடுகிறோம். ஆயுத பூஜைக்குக் கருவிக்குப் பொட்டு வைக்கிறோம். மூன்றாவதை மட்டும் ஊருக்கு வெளியே வைத்தோம். எது தூய்மை, எது தீட்டு என்ற பட்டியலை எழுதியது பரிணாமம் இல்லை. மிகச் சமீபத்தில் சில மனிதர்கள் எழுதியது.

பெருமை பேசிவிட்டு விலையை மறைக்கவும் கூடாது. டேனரிக் கழிவின் உப்பும் குரோமியமும் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே விலை தரவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் "வேலூர் வழக்கு" என்றே படிக்கிறார்கள். இதுவும் அதே கதையின் பகுதி. அறிவு படிப்படியாகச் சேர்வது மாதிரி அதன் விளைவும் சேர்கிறது. ஆவாரம்பட்டைத் தொட்டியில் ஊறிய தோல் ஓர் ஆற்றைக் கெடுக்கும் அளவில் இல்லை. குரோம் வேகத்தைக் கொடுத்தது, வேகம் அளவைப் பெருக்கியது. சுரண்டும் கல்லைக் கண்டுபிடித்த மூளைக்கு, ஆற்றை விட்டுவைக்கும் முறையைக் கண்டுபிடிப்பது முடியாத காரியம் இல்லை. இதுவரை அந்தச் செலவைப் பெரும்பாலும் தொட்டியில் இறங்கியவரும் கிணற்றடியில் இருந்தவரும்தான் சுமந்தார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ தோல் ஷாப்பில் வேலை பார்த்த பெரியவர் இருந்தால், பட்டை எப்படிப் போட்டார்கள், தோல் பதமானதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், சவ்வு எடுக்கும் கத்தியை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்க. போனில் பதிவு செய்தாலும் போதும். அத்திரம்பாக்கத்தில் கல் மிஞ்சியது, செய்தவரின் பேச்சு மிஞ்சவில்லை. நம்மிடம் பேச்சு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அடுத்த பதிவில் கறுப்புத் தோல் பற்றிச் சொன்னதை விரிவாக எழுதுகிறேன்.